பனையின் அடி எங்கே நிற்கிறது? தட்டைப் படங்களை 3டி வெளியில் அடுக்குவது பற்றி ஓர் இழை

18.02.2024, மாலை 6.12 · மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, குறும்படம் ஒன்றுக்கு வயல்வெளிக் காட்சி தேவைப்பட்டது. ட்ரோன் இல்லை, இருந்தாலும் பறக்கவிட அனுமதி எடுக்க வேண்டும். அதனால் போனில் எடுத்த ஒரே படத்தை ஃபோட்டோஷாப்பில் வெட்டினேன். வானம், பனை வரிசை, வயல், முன்னால் நிற்கிற சைக்கிள் என்று நாலு லேயர், அதாவது நாலு தட்டைப் படத்துண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் ஆழத்தில் அடுக்கி அதற்குள் இருக்கிற கமராவை நகர்த்திப் பார்த்தால் வெட்டி ஒட்டினது அப்பட்டமாகத் தெரிகிறது. பனை வழுக்கிக்கொண்டு போகிறது. லேயர் அடுக்கி ஆழம் காட்டலாம் என்பதெல்லாம் சும்மா கதை, 3டி மாடல் செய்தால்தான் சரிவரும் என்று நினைக்கிறேன். சரியா, பிழையா?

18.02.2024, இரவு 9.40

பாதிதான் சரி. சரியான பாதியைக் கடைசியில் கதைப்போம்.

பனை வழுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை முழுக்க அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. லேயர் தட்டையாக இருப்பதால் எதுவும் வழுக்காது. அது நிற்கிற தூரமும் அதன் அடியில் இருக்கிற தரையின் தூரமும் ஒத்துவராதபோதுதான் வழுக்கும். பனையை எந்தத் தூரத்தில் வைத்தீர்கள்? கண்ணால் பார்த்து, "இவ்வளவு பின்னால் போட்டால் நல்லாயிருக்கும்" என்றுதானே? எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் தூரம் ரசனையைப் பொறுத்த விஷயம் இல்லை. அது படத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அதற்கு முதல் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கமரா ஒன்-நோடா, டூ-நோடா? டூ-நோட் என்றால் நீங்கள் பக்கவாட்டில் நகர்த்த நகர்த்த அது நடுவில் ஒரு புள்ளியையே முறைத்துக்கொண்டு திரும்பும். நகர்வும் திரும்பலும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று பிடிக்க முடியாது. நேரே பார்த்தபடியே நகர்கிற ஒன்-நோட் ஆக்குங்கள்.

18.02.2024, இரவு 10.05

மேலே சொன்னதோடு சேர்த்து வாசியுங்கள். கமரா நின்ற இடத்தில் நின்று தலையைத் திருப்பினால் லேயர்களுக்கு இடையே எந்த வித்தியாசமும் வராது. ஆயிரம் லேயர் வைத்தாலும் ஒன்றுதான். கமரா இடம்பெயர்ந்தால்தான் கிட்ட இருப்பது கூடவும் தூர இருப்பது குறையவும் நகரும். ஆழம் தெரியவில்லை என்று என்னிடம் வருகிற வேலைகளைத் திறந்து பார்த்தால், அதிகமானவற்றில் கமரா திரும்பியிருக்கும், நகர்ந்திருக்காது.

19.02.2024, காலை 7.30

தூரத்தை வாசிக்கிற முறை.

வன்னியில் படம் எடுக்கிறவர்களுக்கு மலைநாட்டுக்காரருக்குக் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. தரை தட்டை. பூநகரிப் பக்கம் போனால் கண் எட்டும் வரை ஒரே மட்டம். தட்டைத் தரையில் நின்று கமராவை மேலும் கீழும் சாயாமல் நேராகப் பிடித்தால் அடிவானம் படத்தின் நடுக்கோட்டில் வரும். தரையில் நிற்கிற எந்தப் பொருளையும் எடுங்கள். அதன் அடி அடிவானத்துக்குக் கீழே எத்தனை பிக்சல் என்று அளவுங்கள். பிறகு,

தூரம் = லென்ஸ் எண் × கமரா உயரம் ÷ அந்தப் பிக்சல்

லென்ஸ் எண் என்றால் குவியத்தூரத்தைப் பிக்சலில் சொல்வது. படத்தின் அகலத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி 36ஆல் பிரியுங்கள் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அகலம் 36 மி.மீ.). போனின் சாதாரண லென்ஸ் அந்தச் சட்டத்துக்கு ஒப்பான கணக்கில் 26 மி.மீ. அளவு, படம் 1920 பிக்சல் அகலம் என்றால் 1387 வரும். 1400 என்று வைத்துக்கொள்வோம். நின்றபடி கண் மட்டத்தில் எடுத்தால் கமரா உயரம் 1.6 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் 2240.

பனையின் அடி அடிவானத்துக்கு 112 பிக்சல் கீழே என்றால் பனை 20 மீற்றரில் நிற்கிறது. 56 என்றால் 40 மீற்றர். 224 என்றால் 10 மீற்றர். உச்சியைப் பார்க்க வேண்டாம். உயரமான பனையும் வடலியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், உச்சியை நம்பினால் ஏமாறுவீர்கள். அடியை நம்புங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: படத்தில் யாராவது ஆள் நின்றால், உங்கள் உயரமே உள்ளவரின் கண் அடிவானக் கோட்டிலேயே இருக்கும். அவர் 5 மீற்றரில் நின்றாலும் சரி, 50 மீற்றரில் நின்றாலும் சரி.

19.02.2024, காலை 7.52

இனி அதை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொண்டுபோவது. ஒரு மீற்றர் = 100 அலகு என்று வையுங்கள். கமராவின் ஸூம் 1400 (அந்த லென்ஸ் எண்தான்), அதன் இடம் ஆழ அச்சான இசட்டில் −1400. எல்லா லேயரும் முதலில் பூச்சியத்தில் கிடக்கட்டும், படம் அச்சொட்டாகப் பழைய மாதிரியே தெரியும்.

இப்போது கமரா நிற்கிற அதே புள்ளியில் நல் ஆப்ஜெக்ட் ஒன்றை, அதாவது திரையில் தெரியாத வெற்றுப் பொருளை, 3டியாக வையுங்கள். பனை லேயரை அதற்குப் பேரண்ட் செய்யுங்கள், அதாவது அதோடு பிணையுங்கள். 20 மீற்றர் என்றால் 2000 அலகு; 2000ஐ 1400ஆல் பிரித்தால் 143 வீதம். நல்லின் ஸ்கேலை மூன்று அச்சிலும் 143 ஆக்கிவிட்டுப் பேரண்டைக் கழற்றுங்கள். பனை 20 மீற்றருக்குப் போய்விடும், கமராவில் ஒரு மயிரிழைகூட அசைந்திருக்காது. ஒவ்வொரு லேயரையும் தனித்தனியே இழுத்து, பெருப்பித்து, மறுபடி இழுத்து மினக்கெட வேண்டாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளிலும் இதே வித்தைதான்: 3டி கர்சரைக் கமரா மேல் வைத்து, அதையே பிவட் (பெருப்பிக்கும் மையம்) ஆக்கி ஸ்கேல் பண்ணுங்கள்.

ஸ்கேல் 286 என்று காட்டுகிறதே, படம் உடைந்துபோகாதா என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உடையாது. பெருத்த அளவுக்குத் தூரமும் போயிருக்கிறது, திரையில் ஒரு பிக்சல் ஒரு பிக்சலாகவே விழும். கமரா முன்னுக்குப் போனால்தான் பிக்சல் போதாமல் வரும்.

19.02.2024, இரவு 8.15

ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார்: போன் படம் 4க்கு 3 வடிவம், 36 மி.மீ. அகலத்தை வைத்துக் கணக்குப் போடுவது சரியில்லை, மூலைவிட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும், அப்படிப் போட்டால் 1440 அளவில் வரும் என்று. உண்மைதான், நாலு வீதம் கூடும். 1400 அந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

ஆனால் அவருடைய கேள்வியை வைத்துக்கொண்டு கடதாசியில் எழுதிப் பார்த்தபோது நல்ல விஷயம் ஒன்று வெளிவந்தது. கமரா பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பொருள் திரையில் நகர்கிற அளவு லென்ஸ் எண் × நகர்வு ÷ தூரம். அந்தத் தூரம் என்கிற இடத்தில் காலையில் எழுதிய கணக்கைப் போடுங்கள். லென்ஸ் எண் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகிறது! மிஞ்சுவது இவ்வளவுதான்:

திரையில் நகர்வு = அடிவானத்துக்குக் கீழே உள்ள பிக்சல் × கமரா நகர்வு ÷ கமரா உயரம்

கமராவை அதன் உயரத்தில் பாதியளவு, அதாவது 80 செ.மீ. பக்கத்துக்கு நகர்த்தினால், தரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தான் அடிவானத்துக்குக் கீழே இருக்கிற அளவில் பாதி நகரும். 112 பிக்சல் கீழே நின்ற பனை 56 பிக்சல். 224 கீழே நின்றது 112. லென்ஸ் எது என்றே தெரியாத பழைய படத்துக்கும் இது பொருந்தும். எனக்கு இது பெரிய நிம்மதி. ஆள் கைமாறி ஆள் கைமாறி வருகிற படங்களில் எதைக் கொண்டு எடுத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

முன்னே பின்னே போகிற நகர்வுக்கு லென்ஸ் எண் கொஞ்சம் முக்கியம். பக்கவாட்டுக்கும் மேல்கீழுக்கும் இல்லை.

20.02.2024, மதியம் 1.20

எத்தனை லேயர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அரை மீற்றர் நகர்வுக்கு: 5 மீற்றரில் இருப்பது 140 பிக்சல் நகரும், 10இல் 70, 20இல் 35, 100இல் 7, 350இல் 2. இரண்டு பிக்சலுக்குக் கீழே போனதை எல்லாம் வானத்தோடு ஒட்டிவிடுங்கள். தூரத்துப் பனை வரிசையை ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டு இரவிரவாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த உழைப்பு ஒரு பிக்சலுக்குள் போய்விடும். முதல் 20 மீற்றரை நுணுக்கமாக வெட்டுங்கள், ஆழம் அங்கேதான் பிறக்கிறது.

20.02.2024, மாலை 5.45

மேலே சொன்ன 350 மீற்றரை வேதவாக்காக எடுக்காதீர்கள். அது அரை மீற்றர் நகர்வுக்கு. ட்ரோன் மாதிரி 30 மீற்றர் பறக்க வேண்டும் என்றால் 500 மீற்றரில் நிற்கிற மரமும் 84 பிக்சல் நகரும், அப்போது ஒரே படம் போதவே போதாது. நகர்வை முதலில் தீர்மானியுங்கள், வெட்டுவது பிறகு.

21.02.2024, இரவு 9.10

படத்தைப் பார்த்தேன், அனுப்பியதற்கு நன்றி. கதிர் முற்றின வயல். அறுவடைக்கு முதல் எடுத்திருக்கிறீர்கள். இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு முழுக்கக் கவிழும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பனையின் அடி உங்கள் படத்தில் தெரியவில்லை. நெற்கதிருக்குள் மறைந்திருக்கிறது. தண்டு கதிருக்குள் இறங்குகிற இடம்தான் தெரிகிறது, அது தரையிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. மேலே. ஆகவே உங்கள் "தரை" மண் இல்லை, கதிர்களின் மேல்மட்டம். கமரா உயரம் 1.6 இல்லை, 0.7. தண்டு கதிரைத் தொடுகிற இடம் அடிவானத்துக்கு 49 பிக்சல் கீழே இருக்கிறது. 1.6ஐப் போட்டால் 46 மீற்றர் என்று வரும். 0.7ஐப் போட்டால் 20 மீற்றர். பாதிக்கும் குறைவு! காலபோகம் வெட்டி முடிந்து ஒட்டு மட்டும் நிற்கிற வயலில் எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பங்குனியில் போய் இன்னொரு முறை எடுக்க முடியுமென்றால் எடுங்கள்.

ஆனால் சைக்கிள் வீதியோரத்தில், மண்ணில் நிற்கிறது. அதற்கு 1.6தான். ஒரே படத்தில் இரண்டு தரைகள். இரண்டையும் இரண்டாக நடத்துங்கள்.

21.02.2024, இரவு 9.35

அடிவானம் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, எங்கே கோடு போடுவது என்று இன்னொருவர் கேட்கிறார். வரம்புகளைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுகிற இரண்டு வரம்புகள் தூரத்தில் போய்ச் சந்திக்கிற புள்ளி அடிவானத்தில்தான் இருக்கும். ஏ9 வீதி மாதிரி நேர் வீதி என்றால் இன்னும் சுகம்: இரண்டு ஓரத்தையும் நீட்டிப் பாருங்கள். மரங்களின் அடிவரிசையை அடிவானம் என்று எடுக்க வேண்டாம். அது எப்போதும் கொஞ்சம் கீழே.

23.02.2024, காலை 6.50

குளக்கட்டில் நின்று எடுக்கிறவர்களுக்கு. இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கீழே வயல். கமரா உயரம் என்பது கட்டின் மேலிருந்து அல்ல, நீங்கள் படம் எடுக்கிற பக்கத்தின் மட்டத்திலிருந்து. வயல் பக்கம் என்றால் கட்டின் உயரமும் சேரும். தண்ணீர்ப் பக்கம் என்றால் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பொறுத்தது. மார்கழியில் எடுத்த படத்துக்கும் ஆவணியில் எடுத்த படத்துக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது.

உயரம் கூடுவது நல்லது. கீழ்நோக்கிய கோணம் விரிய, தூரத்து மரங்களின் அடிகளும் பிரிந்து பிரிந்து தெரியும், அளப்பது சுகம்.

23.02.2024, இரவு 10.20

வயல் லேயரைப் பற்றி இன்னும் எழுதவில்லை. உங்கள் படத்தில் பனைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் குத்துவது அதுதான்.

வயலை மற்றவற்றைப் போல நட்டமாக நிறுத்தியிருக்கிறீர்கள். நட்டமாக நிற்கிற வயலில் கிட்ட உள்ள வரம்பும் தூர உள்ள வரம்பும் ஒரே அளவு நகரும். அதன் மேல் பனையை எவ்வளவு சரியான தூரத்தில் வைத்தாலும் வழுக்கும். தரை கிடக்க வேண்டும்.

ஆனால் சும்மா 90 பாகை படுக்க வைத்தாலும் சரிவராது. போட்டோவில் வயல் ஏற்கனவே ஒடுங்கியிருக்கிறது. அதைப் படுக்க வைத்து மறுபடி கமராவால் பார்த்தால் இரண்டாம் தரம் ஒடுங்கும். செய்ய வேண்டியது புரொஜெக்ஷன். வெறும் தரைத்தளம் ஒன்றை அடியில் விரித்து, படம் எடுத்த கமராவின் இடத்திலிருந்தே அந்தப் போட்டோவை அதன் மேல் எறிய வேண்டும். எறிகிற கமரா அசையாமல் நிற்கும், பார்க்கிற கமரா மட்டும் நகரும். ஃபியூஷன் என்ற படச்சேர்ப்பு மென்பொருளில் 3டி கமராவுக்குள்ளேயே புரொஜெக்ஷன் பகுதி இருக்கிறது. அதே வேலைக்கான நியூக்கில் அதற்கென்று தனி நோட் (கட்டளைப் பெட்டி). பிளெண்டரில் யூவி புரொஜெக்ட் மொடிஃபயர், ஆனால் தளத்தை நிறையத் துண்டாகப் பிரித்துவிட்டுப் போடுங்கள். நாலு மூலை மட்டும் உள்ள தளத்தில் போட்டால் வரம்புகள் மூலைவிட்டத்தில் முறிந்து தெரியும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் சுற்றுவழிகள் இருக்கின்றன, எனக்கு அவற்றில் பிடிப்பு இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோத் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்போடு ஃபியூஷன் வருகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத எங்கள் பெடியங்களுக்கு அதைத்தான் காட்டிக்கொடுக்கிறேன். 8 ஜிபி உள்ள மடிகணினியில் இழுபடும். அகலம் பாதியாக்கிய படத்தை வைத்து வேலை செய்துவிட்டுக் கடைசியில் பெரியதை மாற்றுங்கள்.

25.02.2024, மாலை 4.00

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் விலகிக் கதைக்கிறேன்.

இது புதிய சரக்கு இல்லை. 1926இலேயே ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் கண்ணாடித் தட்டுகளை அடுக்கி நிழலுருவங்களை ஆழத்தில் நகர்த்தியிருக்கிறார். 1937இல் டிஸ்னி கூடத்தில் ஆள் உயரத்தையும் தாண்டிய மல்ட்டிபிளேன் இயந்திரம் வேலைக்கு வந்தது. மேலே கமரா கீழ்நோக்கிப் பார்க்கும், அடியில் ஏழு தட்டு வரை ஓவியங்கள், ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நகரும். அவர்களைத் தொல்லைப்படுத்தியது நிலா. ஒரே தாளில் வரைந்த காட்சிக்குள் கமராவை இறக்கினால் வீட்டோடு சேர்ந்து நிலாவும் பெருக்கிறது. நிலாவைத் தனித்தட்டில் வைத்தால் அது இருந்தபடி இருக்கும். கணக்கும் அதையேதான் சொல்கிறது: 5 மீற்றரில் நிற்பதை நோக்கி ஒரு மீற்றர் போனால் அது கால் பங்கு பெருக்கும், 100 மீற்றரில் நிற்பது ஒரு வீதம், நிலா ஒன்றுமே இல்லை.

எங்கள் ஊர்த் திருவிழா நாடகங்களில் சீன் கட்டுகிறவர்களும் இதையேதான் செய்தார்கள். பின்னால் காட்டுச் சீன், அதற்கு முன்னால் பக்கத் தட்டிகள், அதற்கும் முன்னால் நடிகர். வட்டக்களரிக் கூத்துக்கு இது தேவைப்படவில்லை, சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிற மேடைக்குத்தான் தட்டிகள். தட்டி அடுக்குவதன் எல்லையும் அதுதான்: பார்க்கிறவர் கொஞ்சம்தான் நகரலாம், சுற்றிவர முடியாது.

27.02.2024, இரவு 11.15

பழைய படங்கள் பற்றி. இந்த இழையில் இதை எழுதுவதா என்று யோசித்தேன். எங்கள் பக்கத்தில் இந்த வித்தைக்கு அதிகம் வேலை இருப்பது குறும்படத்தில் இல்லை, இதில்தான்.

இடம்பெயர்ந்தபோது சொப்பின் பைக்குள் சுற்றிக் கொண்டுபோன ஒரே படத்தைக் கொண்டுவருவார்கள். அந்தியேட்டிக்கோ ஆண்டுத் திவசத்துக்கோ வீடியோ செய்ய வேண்டும், படம் கொஞ்சம் "உயிராக" இருக்க வேண்டும் என்பார்கள். விசுவமடுவில் ஓர் அம்மா கொண்டுவந்த படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகம் போய்விடும். கண்ணாடியோடேயே, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழாதபடி கறுப்புத் துணி பிடித்து எடுத்தோம். வலது தோளில் தண்ணீர் ஏறிய பழுப்புக் கறை. காதோரம் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக.

இப்படிப்பட்ட படத்தில் கமரா நகர்ந்தால் ஆளுக்குப் பின்னால் மறைந்திருந்த பின்னணி வெளிப்படும். அந்த இடைவெளியை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் நிரப்பித் தருகின்றன, கேளாமல் முகத்தையும் திருத்தித் தருகின்றன. நான் முகத்தில் அவற்றைத் தொடவிடுவதில்லை. அந்த அம்மாவுக்கு மகனின் காது எப்படியிருந்தது என்று தெரியும். இல்லாத காதை நான் வரைந்து கொடுக்க முடியாது.

அதனால் நகர்வைச் சிறிதாக வையுங்கள். ஆள் கமராவிலிருந்து 2.5 மீற்றரில், பின்திரை 3.5 மீற்றரில், 50 மி.மீ. லென்ஸ், 1920 அகலம் என்றால் 5 செ.மீ. நகர்வுக்குத் திறக்கும் இடைவெளி 15 பிக்சல்தான். அந்த 15 பிக்சலைப் பின்திரையின் பக்கத்து நிறத்தையே இழுத்து மூடலாம். முகத்துக்குள் மூக்கு வேறு லேயர், கன்னம் வேறு லேயர் என்று வெட்ட வேண்டாம். தலையும் உடலும் ஒன்றாக இருக்கட்டும்.

ஸ்டூடியோவில் எடுத்த பழைய படங்களில் ஒரு நன்மை உண்டு. பின்னால் இருக்கிற அருவியும் மாளிகையும் உண்மையிலேயே சீலையில் வரைந்தது. அதை ஒரே தட்டை லேயராக ஆளுக்கு ஒரு மீற்றர் பின்னால் வைத்தால் அது ஏமாற்று இல்லை, அன்று அந்த அறையில் இருந்தது அப்படித்தான். அருவியை ஆழமாக்க வெளிக்கிட்டால்தான் பொய்யாகும்.

28.02.2024, காலை 7.05

மேலே எழுதியதற்கு ஒருவர், "நிறம் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டால்?" என்கிறார். கேட்கிறவரை அருகில் இருத்திச் சட்டையின் நிறத்தை அவரிடமே கேளுங்கள்.

29.02.2024, இரவு 8.40

பனையோலை விளிம்பு. உங்கள் இரண்டாவது கோப்பில் தூரம் சரியாகிவிட்டது, பனை இப்போது நிற்கிறது. ஆனால் ஓலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு.

பனை வானத்துக்கு முன்னால் இருந்தது. வெட்டும்போது விளிம்புப் பிக்சல்களில் வானத்தின் வெள்ளையும் கலந்தே வந்திருக்கிறது. பழைய இடத்தில் நின்றவரை வானத்தில் வானம், தெரியவில்லை. கமரா நகர, பனை ஒரு வேப்பமரத்துக்கு முன்னால் வந்ததும் வெளிச்சமாகிவிட்டது. மாஸ்க்கை (வெட்டு எல்லையை) உள்ளே இறுக்கினால் ஓலை நுனிகள் போய்விடும், பனை மொட்டையாகும். வேண்டியது: மாஸ்க்கை அப்படியே விட்டு, ஓலையின் உள்நிறத்தை வெளிப்பக்கம் பரவவிடுவது. விளிம்புக்கு வெளியே வானம் இருந்த இடத்தில் பச்சை ஓடட்டும், எது தெரியும், எது தெரியாது என்று சொல்கிற அல்ஃபா மட்டும் பழைய வடிவத்தை வைத்திருக்கட்டும்.

அப்புறம், இறக்குமதி செய்யும்போது ஸ்ட்ரெய்ட்டா (பெருக்காதது) பிரிமல்டிப்ளைடா (பெருக்கியது) என்று கேட்கிற கேள்வியைத் தட்டிவிடாதீர்கள். நிறத்தை அல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கும் முறையை 1984இல் தோமஸ் போர்ட்டரும் டொம் டஃப்பும் கட்டுரையாக எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் படங்களை அடுக்குகிற மென்பொருள்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் ஓடுகின்றன. பெருக்கியதை இன்னொரு முறை பெருக்கினால் கறுப்புக் கோடு வரும். பெருக்கியதைப் பெருக்காதது என்று சொன்னாலும் அதே கறுப்புத்தான்.

ஃபியூஷனில் ஓலைக்குப் பின்னால் உள்ள லேயர் சதுரமாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது விளிம்புப் பிரச்சினை இல்லை. ரெண்டரர் நோடில் டிரான்ஸ்பேரன்சி என்பதை இசட் பஃபரிலிருந்து சோர்ட்டட்டுக்கு மாற்றுங்கள்.

02.03.2024, மாலை 6.30

பூநகரியில் சங்குப்பிட்டிப் பாலத்தை எடுத்த ஒருவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பாலத்தின் பிம்பத்தைத் தண்ணீர் லேயரில் விட்டுவிட்டேன், பாலம் நகர்கிறது, பிம்பம் பின்தங்குகிறது என்று.

பிம்பம் தண்ணீரின் மேல் கிடப்பதில்லை. தண்ணீருக்குக் கீழே தலைகீழாக இன்னொரு பாலம் அதே தூரத்தில் நிற்கிறது என்று எடுங்கள். பாலத்தையும் பிம்பத்தையும் சேர்த்தே ஒரு லேயராக வெட்டுங்கள். சிற்றலை மட்டும் தண்ணீர்த்தளத்துக்குரியது. நிழல் இதற்கு நேர்மாறு: மரத்தின் நிழல் தரையில் கிடக்கிறது, அதைத் தரை லேயரில் விட்டுவிட வேண்டும். மரத்தோடு சேர்த்து வெட்டினால் நிழலும் எழும்பி நிற்கும்.

பாலம் குறுக்கே நிற்கவில்லை, உங்களிடமிருந்து தூரத்துக்கு ஓடுகிறது. ஒரே தூரத்தில் வைக்க முடியாது. தூண்கள் தண்ணீரைத் தொடுகிற இடங்களை அளவுங்கள், ஒவ்வொரு தூணும் தன் தூரத்தைச் சொல்லும். முதல் தூணையும் கடைசித் தூணையும் தொடும்படி ஒரு தளத்தைச் சரித்து நிறுத்தி அதன் மேல் படத்தை எறியுங்கள்.

04.03.2024, இரவு 9.25

இனி நீங்கள் முதலில் சொன்னதற்கு வருகிறேன், சரியான பாதிக்கு.

சைக்கிள் இன்னும் தட்டையாகத் தெரிகிறது என்கிறீர்கள். அளந்து பார்த்தேன். முன்சில்லு மண்ணைத் தொடுகிற இடம் அடிவானத்துக்கு 448 பிக்சல் கீழே, அதாவது 5 மீற்றர். பின்சில்லு 373, அதாவது 6 மீற்றர். 80 செ.மீ. நகர்வுக்கு முன்சில்லு 224 பிக்சல் போக வேண்டும், பின்சில்லு 187தான். 37 பிக்சல் வித்தியாசத்தை நேராக நிற்கிற லேயர் எப்படிக் காட்டும்? ஆனால் இதற்கு மாடல் தேவையில்லை. சைக்கிள் தானே ஒரு தட்டைப் பொருள். பாலத்துக்குச் சொன்னதுபோல இரண்டு சில்லும் தொடுகிற புள்ளிகளுக்கு லேயரைத் திருப்பி நிறுத்திவிட்டு எறியுங்கள். ஹாண்டிலை மட்டும் தனியாக வெட்டி, குறுக்காக இன்னொரு சின்னத் தளத்தில் வையுங்கள்.

உழவு இயந்திரம் என்றால் நீங்கள் சொன்னதே சரி. இரண்டு பக்கமும் தெரிகிற, கிட்ட நிற்கிற, பருமனான எதுவும் ஒரு தளத்துக்குள் அடங்காது. வீடு, கிணற்றுக்கட்டு, பெரிய ஆலமரத்தின் அடி எல்லாம் அதே சாதி. அதற்கும் முழு மாடல் வேண்டியதில்லை. எஞ்சினுக்கு ஒரு பெட்டி, சில்லுகளுக்கு நாலு தடித்த வட்டம், பின்னால் இழுபடுகிற பெட்டிக்கு இன்னொரு பெட்டி என்று பிளெண்டரில் கட்டி, அதே கமராவிலிருந்து போட்டோவை எறிந்தால் போதும்.

உங்கள் காட்சிக்கு: வானமும் தூரத்து மரங்களும் ஒன்று. கிட்டப் பனைகள் 20 மீற்றரில், அடியில் 0.7 உயரக் கணக்கு. வயல் கிடைத்தளத்தில் புரொஜெக்ஷன். வீதியோரத் தரை அதற்கு 90 செ.மீ. கீழே இன்னொரு கிடைத்தளம். சைக்கிள் திருப்பிய தளத்தில். கமரா 80 செ.மீ. பக்கவாட்டில், 6 செக்கன். படம் 1440 உயரம், காட்சி 1080. மேலும் கீழும் மிச்சம் இருக்கிறது, பக்கங்களில் இல்லை. அதனால் வயலையும் வீதியோரத் தரையையும் கமரா நகர்கிற பக்கம் நீட்டி வரைந்துவிட்டுத் தொடங்குங்கள்.